அணில் பிடித்துக்கொண்ட குடில்

கிறிஸ்துமஸ் குடிலில் வைத்திருந்த மூன்று ராஜா பொம்மைகளில் நடுவில் நின்றவருக்குக் காலையில் போய்ப் பார்த்தால் தாடியைக் காணோம். முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பசையாக்கி, இலவம்பஞ்சை நீவி நீவி ஒட்டியிருந்தாள். "இப்பத்தான் ராசா மாதிரி இருக்கறாரு" என்று நாலடி தள்ளி நின்று பார்த்து மெச்சிக்கொண்டாள். விடிந்ததும் ராஜா மொழுமொழுவென்று மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்காவோ இரண்டு கையையும் தட்டிக்கொண்டு குதிக்கிறாள். "அணில் எடுத்துட்டுப் போயிருச்சு கண்ணு! எங்கயோ குட்டி போட்டிருக்குது, அதுக்குத்தான் மெத்தை தைக்குது!" என்றாள். அடுத்த இரண்டு நாளில் மற்ற இரண்டு தாடிகளும் போயின. மூன்றாவது தாடியை அணில் பிடுங்குவதை நாங்கள் இருவரும் துணி உலர்த்தும் கொடிக்குப் பின்னால் ஒளிந்து நின்று கண்ணாரப் பார்த்தோம். முன்னங்கால்களால் ராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய பஞ்சை அடைத்துக்கொண்டு அது ஓடியபோது, கோபம் போன இடம் தெரியாமல் நானும் அக்காவுடன் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் கணவரின் அண்ணன் மனைவி. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் பிறந்து வளர்ந்த என்னை எண்பதுகளின் நடுவில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு புன்செய்க் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வேதக்காரக் குடும்பம், விவசாயம். என் கணவருக்குத் தருமபுரியில் வேலை. காலை பஸ்ஸைப் பிடித்தால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அவருடைய அண்ணன் காட்டு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் மாமியாரும் அக்காவும் நானும். குளிக்கப் போனால் தவளை, விறகு எடுக்கப் போனால் ஓணான் என்று வந்த புதிதில் நான் போட்ட கூச்சலில் அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை கம்போடு ஓடி வந்திருக்கிறார்கள். அக்கா மட்டும் ஒரு நாளும் என்னைக் கேலி செய்யவில்லை. "அது உன்னயப் பாத்து பயந்துருச்சு புள்ள, பாரு, அதுக்கு நெஞ்சு அடிச்சுக்குது" என்று அந்தத் தவளையின் தொண்டையைக் காட்டுவாள். கிட்டப் போய்ப் பார்த்தால் உண்மையாகவே அடித்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பயம் தெளிந்தது.

பின்வாசலைத் திறந்தால் தோட்டம். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, குளித்த தண்ணீர் பாய்கிற நாலு வாழை, வேலியோரம் ஆமணக்கு, நடுவில் ஓர் அவரைப் பந்தல். இத்தனூண்டு இடத்தில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாழைப்பூவுக்குத் தேன்சிட்டு இன்ன நேரத்துக்கு வரும் என்பாள். சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிடும். பந்தலுக்கு அடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, சந்தைக்குப் புறப்பட்ட பெண்கள் போல ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டு சருகைப் புரட்டும். செம்போத்து வேலியில் இறங்கி நடந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அக்கா என்னைக் கூப்பிடுவாள். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாலும் சரி, நான் துடுப்பும் கையுமாக ஓடுவேன். ஒரு தடவை கீரி தன் குட்டிகள் இரண்டை வரிசையாகக் கூட்டிக்கொண்டு பந்தலைக் கடந்ததைப் பார்த்து நின்றதில் களி அடிபிடித்து, அன்று மத்தியானம் மாமியார் எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டு வாங்கிவிட்டுக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் செங்காய் தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே கிடையாது.

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டுக் குடில் அந்தக் கொய்யா மரத்தடியில்தான். துணி துவைக்கிற கல்லின் மேல் அக்கா கட்டுவாள். அந்த மாதம் முழுக்க நாங்கள் கிணற்றடியில் போய்த் துவைக்க வேண்டியதுதான். மற்ற ஊர்களில் வைக்கோல் வேய்வார்கள். எங்கள் பக்கம் நெல்லுக்கு எங்கே போவது? ராகித்தாளைத் தொட்டால் மாட்டு வயிற்றில் அடிக்கிறோம் என்று மாமியார் சண்டைக்கு வருவார். அதனால் அக்கா அந்த வருடம் ஒரு கட்டு நிலக்கடலைக் கொடியைக் கேட்டு வாங்கிக் கூரை போட்டாள். காய்களையெல்லாம் ஆய்ந்தாள்; விளிம்பில் தொங்கிய பிஞ்சுக் காய்களை மட்டும் விட்டுவிட்டாள். "தோரணம் கட்டுன மாதிரி எத்தனை அழகா இருக்குது பாரு" என்றாள். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. கடலைக்காயைத் தொங்கவிட்டு ஒரு வீடு கட்டினால் அதற்கு யார் குடிவருவார்கள் என்று எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. குடிலுக்கு வயல் வேண்டுமென்று ஓட்டுச்சில்லில் ராகி முளைக்கப் போட்டிருந்தோம். அதைச் சிட்டுக்குருவிகள் கொத்திப் போயின. தாடி ஒட்டிய சோற்றுப் பசைக்குச் செவ்வெறும்பு சாரை வைத்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா, "இதுங்களுக்கும் பண்டிகைதானே" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆனால் அந்தக் குடிலில் அக்கா செய்யக் கூடாத ஒரு வேலை இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு என்று தனியாகச் சாமியார் கிடையாது. பங்குக் கோயிலிலிருந்து சைக்கிளில் வருவார். இருபத்துநாலாம் தேதி சாயங்காலமே எங்களுக்குப் பூசை. பூசைக்கு முன்னால் வீடு வீடாக வந்து குடில் பார்த்து, செபம் சொல்லி, குடிலில் பாலன் இயேசுவைக் கிடத்தும்போது தீர்த்தம் தெளிப்பார். பாலன் சுரூபத்தைக் கையில் வாங்கிக் கிடத்துவது அந்த வீட்டில் பிள்ளை பெற்ற மருமகளின் உரிமை. அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. எட்டு வருடமும் குடிலைக் கட்டியவள் அவள். கிடத்த மட்டும் எதிர்வீட்டு மூன்று பிள்ளைக்காரியை மாமியார் கூப்பிடுவார். அந்த நேரத்தில் அக்கா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாளாம். அந்த வருடம் நான் ஐந்து மாதம். "இந்த வருசம் வெளியாளு வேண்டாம். சின்னவ கிடத்தட்டும், வயித்துல புள்ள இருக்குது" என்று மாமியார் சொன்னார். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சுருக்கென்றது. அவள் சுரூபத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, விரல் விரலாகத் துடைத்து, மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். இந்த வழக்கத்தை யார் கொண்டு வந்தார்களோ, அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்து என்ன செய்ய? மாமியாருக்கு எதிரில் வாயைத் திறக்கிற தைரியம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் அக்காவின் கணவர் கூரையேறி ஓடு மாற்றினார். பண்டிகைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பதுதான். கீழே நின்று உடையாத ஓடுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அங்க பாரு. அசையாத." கூரை விளிம்பில் அணில் நின்றது. அதன் கழுத்தைச் சுற்றி என்னவோ சுருண்டிருந்தது. வாயில் குட்டி! விரல் நீளம்கூட இல்லை. கண் திறக்காத, ரோஸ் நிறக் குட்டி. தாய் வாயால் கவ்வியிருக்க, அது தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைப் புரட்டியதில் கூடு கலைந்திருக்கிறது. அணில் கொய்யா மரத்துக்குத் தாவி, தலைகீழாக இறங்கி, கடலைக்கொடிக் கூரைக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது வாய் காலி. மறுபடியும் ஓடியது. நாங்கள் மூச்சே விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்று நடை! மூன்றாவது குட்டியையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அணில் இரை தேடப் போனதும் நாங்கள் மெல்லப் போய் எட்டிப் பார்த்தோம். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில், பாலனுக்காக அக்கா காய்ந்த புல்லும் பஞ்சும் பரப்பி வைத்திருந்த சின்ன மூங்கில் கூடையில், மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. என் வயிற்றில் குழந்தை ஓர் உதை உதைத்தது அப்போதுதான். முதல் உதை. நான் அக்காவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். இரண்டு பேரும் பைத்தியக்காரிகள் மாதிரி நின்றோம்.

மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் முறத்தில் அள்ளி வேலிக்கு அப்பால் போட்டுவிடுவார் என்று பயம். அந்தப் பகலும் மறுநாள் பகலும் தோட்டத்தில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு நாங்கள் முறை மாற்றிக் காவல் இருந்தோம். எதிர்வீட்டுப் பூனை இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை நான், அதுவரை பூனையைக்கூட விரட்டத் தெரியாத நான், விளக்குமாற்றோடு அதை வேலிவரை துரத்தினேன். மாவு இடித்தது, முறுக்குச் சுட்டது எல்லாமே அந்த வருடம் கொய்யா மரத்தடியில்தான். "ரெண்டு பேருக்கும் என்னாடி ஆச்சு, வூட்டுக்குள்ள இருக்கவே மாட்டங்கறீங்க?" என்று மாமியார் கேட்டபோது காற்றாட இருக்கிறது என்றோம். மார்கழிக் குளிரில் சொன்ன காரணம்!

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் வெயில் தாழும்போது சாமியார் வந்துவிட்டார். பின்னால் இருபது முப்பது பேர். "தோத்திரம் சாமி" என்று வரவேற்று மாமியார் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். செபம் முடிந்தது. மாமியார் முந்தானையில் ஏந்தியிருந்த பாலனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு குனிந்தேன். கூடைக்குள் குட்டிகள் பால் குடித்துவிட்டுத் தூங்குகின்றன. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மாமியார், "ஐயோ, என்னாது இது? எடுத்து அந்தாண்ட போடுடி பெரியவளே" என்றார். அக்கா நகரவில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் மாமியாருக்கு மாற்றுச் சொல் சொன்னாள். "வேண்டாங்க அத்தை. கை பட்டா தாயி சேத்துக்குமோ என்னமோ. அதுங்க நேத்தே வந்துருச்சுங்க. பாலனை வேற எங்கயாச்சும் வெக்கலாங்க." சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பாலனுக்குச் சத்திரத்துல இடம் கிடைக்கலைன்னு வேதத்துலயே இருக்குதேம்மா. கையில வெச்சுக்குங்க" என்றார்.

கையில் வைத்துக்கொண்டிருந்தவள் நான். சாமியார் தீர்த்தச் செம்பை எடுத்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்தத் தீர்த்தம் என் கையில் விழுந்திருக்கும். எனக்கு என்ன தோன்றியதோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கிறுகிறுன்னு வருதுக்கா, இதைப் புடி" என்று பாலனை அக்காவின் கையில் வைத்துவிட்டேன். எனக்கு ஒரு கிறுகிறுப்பும் இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதற்காக மட்டும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. அக்கா திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள். அதற்குள் தீர்த்தம் தெளித்தாகிவிட்டது.

நல்ல குடிலுக்கென்று கோயிலில் கொடுக்கிற அந்த வருடப் பரிசு, சீரியல் லைட் போட்ட மேலத்தெருக் குடிலுக்குப் போனது. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. இப்போது சேலத்தில் மூன்றாவது மாடியில் என் வீட்டுக் குடில் அட்டைப்பெட்டியிலிருந்து வருகிறது. பிரித்து நிமிர்த்தினால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பால்கனிக்கு வருகிற அணிலுக்கு நான் கடலை வைக்கிறேன் என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பேரனும் நானும் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்க்கிறோம். அவனுக்கும் மூச்சு நின்றுவிடுகிறது.

அன்று கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்த பிறகும் அக்கா குடிலின் பக்கத்திலேயே நின்றாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பாலனை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்தபடி நின்றாள். தாய் அணில் மரத்திலிருந்து இறங்கி, அவள் காலருகில் வந்து, நின்று பார்த்துவிட்டு, கூடைக்குள் போனது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிறுகிறுப்பு என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திட்டப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய் மணைப்பலகையை எடுத்து வந்து குடிலுக்கு முன்னால் போட்டார்.

"எத்தனை நேரம் நின்னுக்கிட்டே இருப்ப பெரியவளே, கை வலிக்கும். உக்காந்து மடியில வெச்சுக்க" என்றார்.