நாலாவது அடிக்குக் கை மட்டும்

முதலில் என் கண்ணில் பட்டது அவர்களுடைய வாய்தான். மூன்று அடி வரை எல்லாரும் பாடினார்கள். நாலாவது அடிக்கு வாயை மூடிக்கொண்டு கை மட்டும் தட்டினார்கள்.

1996 தை மாதம், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நடந்த கும்மி அது. பாட்டைக் கட்டியவள் சின்னி, எங்கள் அம்மா வழி முன்னோர்களில் ஒருத்தி. வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில், சிறுபிள்ளையாக அந்த வீட்டுக்கு விற்கப்பட்டவள். சாகும்வரை அங்கேதான் நெல் குத்தினாள். அந்த முற்றத்தைப் பார்க்கத்தான் போனேன்.

சிங்கம்புணரியிலிருந்து காலை ஏழு மணி பஸ். திருப்பத்தூரில் இறங்கி, பொன்னமராவதி பஸ் ஏறி, வழியில் நெற்குப்பையில் இறங்க வேண்டும். பெரிய வீடுகள் பாதிநாள் பூட்டியே கிடக்கும். பொங்கலையொட்டிப் போனால் ஆள் இருக்கும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். தரை வழுவழுவென்று இருக்கும், பார்த்து நடங்கள்.

எங்களுக்கு வழி கிடைத்தது சித்தியால். அவர் தையல் டீச்சர், அந்த வீட்டு ஆச்சிக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்.

"வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க. இது யாரு?" என்றார் ஆச்சி.

"அக்கா மக. எட்டாவதோட நின்னுட்டா, கயித்துக் கூடத்துல வேலை. லேசுல வாயத் திறக்க மாட்டா ஆச்சி. மோர் குடிக்கத் திறந்தாத்தான் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கும்மியடிக்கும் பெண்களுக்கு நடுவில் ஆச்சி டேப்ரெக்கார்டரை வைத்திருந்தார். பினாங்கில் இருக்கும் மகள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டு கேட்டிருந்தாளாம்.

*நெல்லுக் குத்துங்கடி பெண்டுகளே – உமி*
*நீக்கிப் புடையுங்கடி பெண்டுகளே*
*நெல்லெல்லாம் வீட்டார் சொத்தாச்சு*

அப்புறம் வெறும் கைத்தட்டல். அம்மாவிடம் கற்று, கயிறு திரிக்கும்போது நான் தினமும் பாடுகிற நாலாவது அடி அங்கே இல்லை: *சொல்லெல்லாம் சின்னி சொத்தாச்சு.*

"அடுத்த அடி எங்க ஆச்சி?" என்றார் சித்தி.

"அதுக்கு அங்குட்டுப் பாட்டே இல்லை டீச்சர், தட்டு மட்டுந்தான். எங்க மாமியா காலத்துலயும் இப்படித்தான். அழகா இருக்குல்ல?"

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. விலைக்கு வாங்கிய பெண்ணின் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாதென்று யாரோ எப்போதோ தடுத்திருக்க வேண்டும். பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் கைத்தட்டலை விட்டால் கும்மி தடுமாறிப்போகும், அதனால் அதை விடவில்லை. சின்னியின் பெயர் போய்விட்டது. அவள் இடம் மட்டும் அத்தனை காலமும் காலியாகவே இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததில் எனக்கு வருத்தத்தைவிட சந்தோஷமே அதிகம். ஆனால் இந்தக் கேசட் இப்படியே கப்பலேறினால், பினாங்குப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டுதான் தட்டுவார்கள்.

"நீ பாடுடி," என்று சித்தி என் காதில் சொன்னார். "நான் பாடுனா டேப்பு அறுந்துரும்."

"கரண்டு போறதுக்குள்ள இன்னொருக்கா பாடிருவோம்," என்று ஆச்சி பொத்தானை அமுக்கினார்.

நான் தூணை விட்டு வந்து வட்டத்தில் நின்றேன். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. எல்லாரும் வாயை மூடினார்கள்.

நான் பாடினேன்.