கணேசன் அண்ணனின் வலது கன்னம்

“மச்சத்த எடுக்கத்தானே வந்தேன்? எடுக்க முடியாதுன்னா அப்புறம் எதுக்குலா இந்தக் கிளினிக்கு?”

கணேசன் அண்ணன் இப்படிச் சத்தம் போட்டபோது எங்கள் கிளினிக்கின் வரவேற்பறை நிறைந்திருந்தது. லேசருக்கு முன்னால் போடும் மரத்துப்போகச் செய்யும் கிரீமைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டு காத்திருந்த ஒரு சீனப் பெண்மணி பயந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கவுண்டரிலேயே போட்டுவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் படியிறங்கிப் போய்விட்டார். அவர் மனைவி சரோஜா அக்கா என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மன்னிச்சிருங்க மிஸ்ஸி. அவரு இப்படிப் பேசுறவரு இல்ல” என்று சொல்லிவிட்டு அவரும் பின்னால் ஓடினார்.

மலாய் நாட்டில் எங்கள் பக்கம் நர்ஸ்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்க மருத்துவமனையில் வார்டு வேலை பார்த்துவிட்டு, பிறகு எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் பர்மா ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டாக்டர் லிம்மின் ஸ்கின் கிளினிக்கில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சுருக்கம், கரும்புள்ளி, பருத்தழும்பு, இவைதான் எங்கள் அன்றாடம். இந்தத் தொழிலுக்கு இப்போது நிறைய இளம்பெண்கள் வருகிறார்கள். மெஷினை இயக்க யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மெஷினை இயக்கக் கூடாத நாளில் என்ன செய்வது என்பதை நான் கணேசன் அண்ணன் விஷயத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.

மனைவிக்குப் பார்க்க வந்த இடத்தில்

முதலில் எங்களிடம் வந்தவர் சரோஜா அக்காதான். மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு கன்னத்திலும் பழுப்பாகப் படர்ந்திருந்த மங்கும் கண்ணோரச் சுருக்கமும் கல்யாணப் போட்டோவில் தெரியக் கூடாது என்று கேட்டார். தோழி ஒருத்தி லேசர் போட்டு வெள்ளையாகிவிட்டாளாம். தனக்கும் அதே வேண்டும் என்றார்.

நம் தோலுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. நிறம் கூடிய தோலில் சூட்டைக் கொஞ்சம் அதிகம் வைத்தாலும், போன கறுப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். டாக்டர் லிம் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. சரோஜா அக்காவுக்கு இரவில் பூச ஒரு கிரீம், பகலில் சன்ஸ்கிரீன், மேல்தோலை லேசாக உரிக்கும் பீல், கண்ணோரத்தில் மட்டும் கொஞ்சம் போடாக்ஸ். அவ்வளவுதான் கொடுத்தார். வெள்ளையாக மாட்டீர்கள், தெளிவாவீர்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு தடவை வரும்போதும் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கண்ணாடியை அவரே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

நிபோங் திபாலிலிருந்து அவரைக் காரில் ஏற்றி வருபவர் கணேசன் அண்ணன். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சரோஜா அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இவரு மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க மிஸ்ஸி. போட்டோவுல என் பக்கத்துல நிக்கப்போற ஆளு. ஒரு பக்கம் அப்பா மாதிரி இருக்காரு, இன்னொரு பக்கம் தாத்தா மாதிரி இருக்காரு.”

விளையாட்டுக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். இடது கன்னம் வழவழப்பாக இருந்தது. வலது கன்னத்தில் கண்ணிலிருந்து தாடைவரை சுருக்கம், தோல் தடித்து, புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். விடிந்ததும் நிபோங் திபாலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வடக்கே மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு ஓட்டுவார். அப்போது கிழக்கு வெயில் வலது ஜன்னல் வழியாக வரும். மாலையில் தெற்கே திரும்புவார். அப்போது மேற்கு வெயிலும் அதே வலது ஜன்னலில்தான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவர் இடது கன்னம் வெயிலையே பார்த்ததில்லை.

“எனக்கு ஒண்ணும் வேணாம்” என்று முதலில் வெட்கப்பட்டார். பிறகு வலது நெற்றிப்பொட்டுக்குக் கீழே, கிருதாவை ஒட்டி இருந்த ஒரு மச்சத்தைத் தொட்டுக் காட்டினார். “இத மட்டும் எடுத்துவுட்டா போதும். ஷேவ் பண்றப்போ இடிக்குது.”

தெரியாததை எரிக்க மாட்டேன்

பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். கறுப்பு. நான் முகத்தைத் துடைத்துவிட்டு விளக்கை இழுத்துப் பிடித்தேன். டாக்டர் லிம் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி அது. வழக்கமாக ஒரு மச்சத்துக்கு அவருக்கு ஒரு நொடி போதும். அன்று கருவியை எடுத்தார், மறுபடியும் வைத்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார். அந்த மச்சத்தின் ஓரம் மட்டும் பாசிமணிபோல மினுங்கியது.

“ரத்தம் வருமா என்று கேளுங்கள்” என்றார் என்னிடம் ஆங்கிலத்தில்.

கேட்டேன். அண்ணன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு, “எப்பவாச்சும்” என்றார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார். இதை லேசரில் எடுக்க முடியாது, மருத்துவமனையில் ஒரு துளி வெட்டி எடுத்து பயாப்சி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்து, “என்னா சொல்றாங்க?” என்றார். நான் தமிழில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முதலில் எழுதியது.

அவர் போன பிறகு நான் டாக்டரிடம் கேட்டேன், “கேன்சர் என்று நினைக்கிறீர்களா?”

“எனக்கு முழுதாகத் தெரியாது விமலா. தெரியாததை நான் எரிக்க மாட்டேன்” என்றார்.

அதே வாரத்தில் சரோஜா அக்கா எனக்குப் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. “மிஸ்ஸி, அவரு பட்டர்வொர்த்துல ஒரு பியூட்டி கடைய புடிச்சிருக்காரு. கரண்டு பேனா மாதிரி வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல மச்சத்த சுட்டு எடுத்துருவாங்களாம். ஞாயித்துக்கெழம போறாராம். நான் சொன்னா கேக்க மாட்றாரு. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல.”

அந்த மச்சத்தின் மேல்பாகத்தைச் சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. அடியில் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும். மேலே புதுத்தோல் மூடிவிடும். அண்ணன் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

டாக்டரிடம் சொன்னேன். “போய்ப் பேசுகிறீர்களா?” என்றார். நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டார். கவுண்டரில் கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் மதியம் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனேன்.

பஸ்ஸுக்குள்

மாக் மண்டினில் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, மர நிழலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அண்ணன் ஸ்டியரிங்மேல் நாளிதழை விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அவ போன் பண்ணாளா?”

“ஆமாண்ணே. உள்ள வரலாமா?”

கதவைத் திறந்துவிட்டார். முதல் சீட்டில் உட்கார்ந்தேன். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்தச் சூட்டில் மறந்துபோனது. “எப்பவாச்சும்னு சொன்னீங்களே, நெசமாவே எப்பவாச்சும்தான் ரத்தம் வருதா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் நாளிதழை மடித்தார். வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

“ஷேவ் பண்றப்பல்லாம் வரும் மிஸ்ஸி. காயும், உதிரும், மறுபடி வரும். துண்டுல பட்டா அவ பாக்கறதுக்கு முந்தி நானே அலசிப் போட்டுருவேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எனக்கும் தெரியும்லா. நல்லதா இருந்தா அந்த டாக்டரம்மா அவ்ளோ நேரம் பாத்திருப்பாங்களா? ஆனா அந்த வார்த்த மட்டும் இப்ப எங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. மாப்பிள்ள வீட்டுல என்னா நெனப்பாங்க? வியாதி உள்ள குடும்பம்னு பேச்சு வந்துச்சுன்னா எம்பொண்ணு மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

“அதுக்காகச் சுட்டுக்கப் போறீங்களா?”

“கண்ணுக்குத் தெரியாம போயிரும்ல.”

“கண்ணுக்குத்தாண்ணே தெரியாம போகும். உள்ள இருக்கறது எங்கயும் போகாது. அப்புறம் எங்க இருக்குன்னு தேடுறதே கஷ்டம்.”

நான் பொய் சொல்லவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. “இது என்னான்னு எனக்குத் தெரியாது. டாக்டர் சந்தேகப்படுற வகையா இருந்தா, அது மெதுவா வளர்றது. இப்ப வெட்டி எடுத்தா பெரும்பாலும் அதோட முடிஞ்சிரும். விட்டுட்டா கண்ணுகிட்ட போயிரும். கண்ணு இல்லாம பஸ் ஓட்ட முடியுமா? நீங்க ஒத்தையா போக வேணாம். நான் லீவு போட்டுட்டு வரேன். அந்த ஆஸ்பத்திரியில எந்தக் கவுண்டர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஷிப்டு முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முதலில் ஏறிய மலாய்ப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, “உங்க பினியா பாக்சிக்?” என்று அரைகுறைத் தமிழில் அண்ணனைக் கிண்டல் செய்தாள். மலாயில் பினி என்றால் மனைவி, பாக்சிக் என்பது வயதில் மூத்த ஆண்களைக் கூப்பிடும் சொல். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அந்தச் சிரிப்போடு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எந்த நாளுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

சுருக்கத்துக்குள் ஒரு தையல்

டாக்டர் லிம் தன்னுடன் படித்த தோல் டாக்டர் ஒருவரிடம் பேசி, சீக்கிரம் ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். சொன்னபடி நானும் போனேன். அண்ணன் காத்திருந்த நேரம் முழுக்க உட்காரவே இல்லை. ஜன்னலருகே நின்று, கார் நிறுத்துமிடத்தில் யார் எப்படித் தப்பாக பார்க்கிங் செய்கிறார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்று சிறு துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது அது பேசல் செல் கார்சினோமா என்று தெரிந்தது. தோல் புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டர் ஓர் இளைஞர், நம் தமிழர்தான். நாற்காலியை முன்னால் நகர்த்தி, “அங்கிள், கேன்சர்லயே கொஞ்சம் சோம்பேறிக் கேன்சர் இது. உடம்புக்குள்ள பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். நீங்க நல்ல நேரத்துல வந்துட்டீங்க. சுத்தி கொஞ்சம் நல்ல தோலையும் சேத்து வெட்டி எடுத்துட்டா முடிஞ்சிச்சு” என்றார்.

“மகளுக்குக் கல்யாணம் டாக்டர். மொகத்துல பெருசா தெரியுமா?”

டாக்டர் அவரைச் சிரிக்கச் சொன்னார். அண்ணன் சிரிக்கும் நிலைமையிலா இருந்தார்? எப்படியோ பல்லைக் காட்டினார். கண்ணோரத்தில் விழுந்த மடிப்பின்மேல் டாக்டர் பேனாவால் கோடு போட்டார். “தையல இந்தச் சுருக்கத்துலயே போட்டுருவேன். ஆறினப்புறம் எது சுருக்கம், எது தழும்புன்னு உங்களுக்கே தெரியாது.”

இத்தனை வருடம் சுருக்கத்தை அழிப்பதே வேலை என்று இருந்த எனக்கு, ஒரு சுருக்கம் இப்படி உதவும் என்று அன்றுதான் தெரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுற்றிலும் எடுத்த தோல் சுத்தமாக இருப்பதாக அடுத்த பரிசோதனையில் தெரிந்தது. அண்ணனே எனக்குப் போன் செய்து சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். பிறகு, “சரி மிஸ்ஸி, ஆளுங்கள ஏத்தணும்” என்று வைத்துவிட்டார்.

சம்பந்தி கேட்ட கேள்வி

தையல் பிரிப்பதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் தாலிக்குப் பொன் உருக்க நாள் பேச வந்துவிட்டார்கள். அண்ணன் கன்னத்தில் பெரிய பிளாஸ்திரி. சரோஜா அக்கா கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்வதற்குத் தயாராக இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா மணியம், பாலிக் புலாவில் டுரியான் பழத் தோட்டம் பார்ப்பவர். உட்கார்ந்ததும், “என்னா சம்பந்தி மொகத்துல?” என்று கேட்டார்.

சரோஜா அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டாராம். “கேன்சர் கட்டி. வெட்டி எடுத்தாச்சு. மிச்சம் ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மறைச்சு வெச்சு பொண்ணு குடுக்க எனக்கு மனசு வரல.”

கவிதா சமையலறை வாசலில் தட்டோடு நின்றுவிட்டாளாம். மணியம் தன் தொப்பியைக் கழற்றி, காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாராம்.

“அப்ப இது என்னா சம்பந்தி? எனக்கும் ரொம்ப நாளா இருக்கு. பொண்டாட்டி சொல்லிக்கிட்டேதான் இருக்கா. நீங்க காட்டுன எடத்துல என்னையும் கொண்டுபோய் காட்டுங்களேன்.”

சரோஜா அக்கா இதை எனக்குப் போனில் சொன்னபோது சிரிப்பும் அழுகையுமாக வார்த்தைகள் தடுமாறின.

அடுத்த வாரம் சம்பந்திகள் இருவரும் ஒன்றாக எங்கள் படியேறி வந்தார்கள். டாக்டர் லிம் டெர்மாஸ்கோப்பை வைத்தார். ஒரே நொடி. “வயதானால் வரும் மரு. ஒன்றுமில்லை” என்றார். மணியம் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த பஞ்சு பறந்தது.

“அப்ப எடுத்துருங்க டாக்டர். கல்யாணத்துக்குத் தொப்பி போட முடியாதுலா.”

அன்று மெஷினை நானே ஆன் செய்தேன்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சரோஜா அக்கா முகம் மேக்கப்புக்கு அடியிலும் தெளிவாக இருந்தது. அண்ணன் போட்டோவுக்கு வலது கன்னத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றார். போட்டோகிராபர் திரும்பச் சொன்னபோதும் திரும்பவில்லை. இப்போதும் பஸ் ஓட்டுகிறார். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார். சன்ஸ்கிரீன் பூசாமல் வண்டியில் ஏறுவதில்லை. தவறாமல் செக்கப்புக்குப் போகிறார்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். விலையைச் சொல்வதற்கு முன் முகத்தைக் கழுவி, விளக்கில் பாருங்கள். ஆறாத புண், மினுங்கும் ஓரம், அடிக்கடி ரத்தம், இதில் எது இருந்தாலும் மெஷினைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் முடியாது என்று சொன்னால் வாடிக்கையாளர் கோபப்படுவார். படட்டும். ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து அவர் எங்கே போகிறார் என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் கூடவே போங்கள்.