மடத்துவெளிச் சந்தியும் எங்கள் நீளச் சைக்கிளும்

விடுமுறைக்கு எங்கள் ஊர் மடத்துவெளிக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சைக்கிள் தினமும் காலையில் ஒரே இடத்தில் நடக்கத் தொடங்குகிறது. சந்திக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதகு இருக்கிறது. அது வந்ததும் எனக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் வரும்: “இஞ்சாரும், இறங்கும்.” நான் பிறேக்கைப் பிடிப்பேன். இரண்டு ஆசனமும் இரண்டு சோடிப் பெடலும் கொண்ட அந்த நீளச் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, செத்தவீட்டுக்குப் போகிறவர்களைப் போலச் சந்தியைக் கடப்போம். தேத்தண்ணிக் கடைப் பரமு அண்ணை எட்டிப் பார்த்து, “இண்டைக்கும் ரயரில காத்துப் போட்டுதே தம்பி?” என்பார். “ஓம் அண்ணை” என்பார் இவர், முழுப் பொய்யாக. சந்தி மறைந்ததும் மறுபடி ஏறிக்கொள்வோம். ஐந்தாம் நாள் பரமு அண்ணை காற்றடிக்கும் பம்மையே கடைவாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார். ரயரை அமத்திப் பார்த்தார். அது கல்லுப்போல இருந்தது. பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்தச் சைக்கிளில் நான் முன்னுக்கு, இவர் பின்னுக்கு. திருப்புவதும் நிறுத்துவதும் நான். பெடலை உழக்குவது இருவரும். ஒல்லாந்தில், அதுதான் நாங்கள் வாழும் நெதர்லாந்தில், எங்கள் தெருவில் இதை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. மடத்துவெளிச் சந்தியிலோ இவருடன் படித்தவர்கள் கடைவாசல் மரவாங்கில் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள்.

ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்கு வந்து கோட்டை கட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் அவர்கள் ஊருக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கிவந்தோம். அதை விற்றது அடுத்த வீட்டு மரியா. விற்பதற்கு முன் எங்களை வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போய் ஓட விட்டுப் பார்த்தாள். இவர் முன்னுக்கு இருந்தபோது என்னோடு கதைக்கத் தலையைத் திருப்பி நேரே பூவேலிக்குள் விட்டார். “நீ முன்னுக்கு” என்று மரியா என்னைக் காட்டினாள், தீர்ப்பு முடிந்தது. இருவர் ஓடும் சைக்கிளைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அதன் கிறுக்குத்தனத்தைத்தான் எழுதவேண்டும். ஒருவர் உழக்கினால் மற்றவரின் காலும் சுற்றியே ஆகவேண்டும். இவருக்கு முழங்கால் நோகிறதென்றால் அவர் வாய் திறக்குமுன்பே என் பாதத்துக்குத் தெரியும். இவர் சிரித்தால் பெடல் குலுங்கும். புறப்படும்போதும் வளைவுகளிலும் நாங்கள் போடும் சத்தத்தில், எங்களுக்குள் அடிபிடி என்று நினைத்துப் போகிறவர்கள் நின்று, “அல்லெஸ் ஹூட்?” என்று கேட்பார்கள். எல்லாம் நலமா என்பதுதான் அது. “யா, யா” என்று கத்திக்கொண்டு நாங்கள் பறப்போம். பறப்பது என்றே சொல்கிறேன். காற்று பின்னாலிருந்து தள்ளும் நாளில் ஐம்பத்தெட்டு வயது என்பது எனக்கு யாரோ சொன்ன பொய்யாகவே படும்.

எங்கள் ஊரில் பெட்டைகள் சைக்கிள் ஓடுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் வகுப்பில் பாதிப் பேர் ஓடினார்கள். நான் பழகிய முதல் வாரமே விழுந்து முன்பல் நுனி உடைந்துபோனது. இன்னொரு பல்லும் போனால் கலியாணச் சந்தையில் என்னை என்ன செய்வது என்று என்னைப் பெற்ற ஐயா அன்றைக்கே தடை போட்டார். அதன்பிறகு ஐயாவின் கரியரில், அண்ணையின் கரியரில், கலியாணமானதும் இவரின் கரியரில். கரியரில் இடப்பக்கம் பார்த்துக் குந்திப் போகிறவளுக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்து வேலியும் வேலிக்குப் பின்னால் போன மாடும்தான் தெரியும். ஒல்லாந்தில் முப்பத்தைந்து வயதில், வந்தேறிய பெண்களுக்கான சைக்கிள் வகுப்பில் சேர்ந்தபோது என் கழுத்து தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பும், சைக்கிளும் வாய்க்கால் பக்கமாகப் போகும். “அங்கே எதைத் தேடுகிறாய்?” என்று ரீச்சர் கேட்டாள். பழக்கதோஷம் என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் தெரியாமல் “ஸ்ரீலங்கா” என்றேன். அவள் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாட்டுக்காக நான் ஏங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்த வகுப்பில் மூன்று மாதமும் எனக்குத்தான் அதிக கவனிப்பு.

அடுத்த வருடம் இவருக்கு ஓய்வு. ஊர்வீட்டைத் திருத்தி இங்கேயே வந்து இருந்துவிடவேண்டும் என்பது இவரின் ஒரே ஆசை. இந்தமுறை விடுமுறை முடியுமுன் நான் ஒரு பதில் சொல்லவேண்டும். சைக்கிளைக் கழற்றி, ஊரில் ஓடலாமென்று கப்பல் பெட்டியில் இவர் அனுப்பிவைத்ததும் அந்த ஆசையில்தான். பம் வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. “நான் இஞ்ச வந்து இருக்கவேணுமெண்டா இந்தச் சந்தியால முன்னுக்கு இருந்து போகவேணும். இல்லாட்டி ஏலாது” என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

மறுநாள் மதகடியில் இறங்கியவர், “இண்டைக்கு நான் முன்னுக்கு” என்றார். நெஞ்சு எரிந்தது. ஆனாலும் பின்னுக்கு ஏறினேன். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்திக்குள் நுழைந்தார். வாங்கில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். பரமு அண்ணை கடைக்குள்ளிருந்து ஓடிவந்து, “என்ன தம்பி இது, ஒல்லாந்தில இருந்து வந்தும் மனுசியை உழக்க வைச்சுக்கொண்டு போறாய்? பாவமில்லையே?” என்றார். மானத்தைக் காப்பாற்ற முன்னுக்கு வந்தவருக்கு இப்படியொரு அடி! விளக்கம் சொல்லவென்று பிறேக்கைப் பிடித்தவர், ஊர்ப் பழக்கத்தில் வலது காலைப் பின்னால் வீசி இறங்கினார். பின்னால் ஒரு ஆள் இருப்பது அந்தக் காலுக்குத் தெரியாது. குதிக்கால் என் தோளில் பட்டது. நான் மணலில் கிடந்தேன். “ஐயோ, மனுசிக்கு உதைச்சுப்போட்டான்!” என்று வாங்கு முழுவதும் எழும்பியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழும்பப் பார்க்கிறேன், சிரிப்பு விடுகுதில்லை. இவர் விளங்கப்படுத்தத் தொடங்கி, சொல் தட்டி, பிறகு தானும் சிரித்துவிட்டார். பரமு அண்ணை சோடா உடைத்துத் தந்து முழுக்கதையையும் என்னிடம் கேட்டறிந்தார். யோசித்தார். “இவன் பின்னுக்கே இருக்கட்டும் பிள்ளை. அதில இருந்தா ஒருதருக்கும் உதைக்கேலாது” என்றார். சந்தி அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. நான் முன்னுக்கு ஏறினேன்.

அதன்பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னுக்கு இருக்கிறவருக்குக் கையில் வேலை இல்லை என்பதை இவர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். இரண்டு கையையும் தூக்கி, தேர்தலில் வென்றவர் போல வேலிக்கு வேலி ஆட்டிக்கொண்டு வந்தார். “என்ன மச்சான், சுகமே? மாடு கண்டு போட்டுதே? பின்னேரம் வாறன்!” முப்பது வருடக் கதையையும் ஓடும் சைக்கிளில் இருந்தே கதைத்து முடித்தார். பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள், நான் மணியை அடித்துக்கொண்டே போனேன். இந்தச் சந்தித் தெரு சைக்கிளுக்கு எதிரே விரிந்து வருவதை வாழ்க்கையில் முதல்தரம் பார்க்கிறேன். எனக்குத் தலை சுற்றியது, சந்தோசத்தில்தான்.

கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதித் தெருவால் வேலணைக்குப் போய், சாட்டிக் கடற்கரையில் குளித்துவிட்டுத் திரும்பினோம். போகும்போது தள்ளிவிட்ட சோழகக் காற்று இப்போது முகத்தில் அடித்தது. பாரம் கனத்தது. இவர் கதைக்கிற சந்தோசத்தில் உழக்க மறந்துவிட்டார் என்று கால் சொன்னது. திட்ட வாயெடுக்குமுன் இவர் என் காதருகே குனிந்து, “அப்ப என்னமாதிரி? இஞ்சயே வருவமே?” என்று கேட்டார்.

இவரின் ஐயாவுக்குத் தெற்கே மாத்தறையில் கடை. வருடத்தில் பெரும்பாகம் அங்கே, கோயில் திருவிழாவுக்கும் கலியாணம் காட்சிக்கும் இங்கே. உமக்கு எது ஊர் என்று அவரை யாரும் கேட்டதில்லை. எனக்கு ஒல்லாந்தில் மகள் இருக்கிறாள், மரியா இருக்கிறாள், முப்பத்தைந்து வயதில் நானே தேடிக்கொண்ட தெருக்கள் இருக்கின்றன. இங்கே இப்போது ஒரு சந்தி கிடைத்திருக்கிறது. இரண்டில் எதையும் விட எனக்கு மனமில்லை. “அரைவருசம் இஞ்ச, அரைவருசம் அங்க!” என்று கத்தினேன். “உங்கட ஐயாவும் கடையும் ஊருமாத்தானே இருந்தவர்!”

எதிர்க்காற்றில் முன்னால் இருக்கிறவளின் பேச்சு பின்னுக்குப் போய்விடும். காதருகே குனியாவிட்டால் பின்னால் இருக்கிறவரின் பேச்சு முன்னுக்கு வராது. இவர் ஏதோ சொன்னார், அது வேலணைப் பக்கம் பறந்துபோனது. திரும்பி முகத்தைப் பார்க்க ஏலாது, பார்த்தால் இருவரும் கடலில்தான். ஒரு கணம் முழுப் பாரமும் என் கால்களில் இருந்தது. மாட்டேன் என்கிறாரோ என்று எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த கணம் பின்னாலிருந்து இவர் ஓங்கி உழக்கத் தொடங்கினார், பெடல் பதில் சொல்வதுபோலப் பாய்ந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் கரைகள் ஒரே தூரத்தில் கிடந்தன. நடுத் தாம்போதியில் என் கால்கள் பெடலைத் துரத்திக்கொண்டு ஓடின.