நாற்பதாம் பக்கத்துக்கு அப்பால்

மேடையில் எனக்கு நடுக்கம் வந்ததில்லை. மூச்சை எங்கே நிறுத்துவது, குரலை எங்கே இறக்குவது, கைதட்டலுக்கு எத்தனை நொடி விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் பள்ளி நாட்களிலேயே திருச்சியில் முறையாகப் பயின்றவள் நான். வேலைக்காக டெல்லிக்கு ரயிலேறியபோது பெட்டியில் பேச்சுப் போட்டிகளில் வென்ற இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டேன். கம்பளிச் சட்டை ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. முதல் டிசம்பரில் அதன் விலை தெரிந்தது.

குளிருக்குப் பழகுவதற்கு முன்பே எனக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது. முப்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறிய தமிழ் மன்றம் அது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சமுதாயக் கூடம் ஒன்றில் கூடும். ஆண்டு விழாவையொட்டி இருவர் இருவராக அணி சேர்ந்து மோதும் விவாதப் போட்டி உண்டு. கரோல் பாக் வாடகை அறையில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரியும் நானும் ஓர் அணி. அவள் வழக்கறிஞர். நான் குருகிராமில் ஒரு நிதி நிறுவனத்தில் இருந்தேன்.

போட்டிக்கு நாங்கள் தயாராகும் முறைக்கு ‘வரி பொறுக்குவது’ என்று பெயர் வைத்திருந்தோம். மன்றத்தில் இரண்டு இரும்பு பீரோக்கள் நிறையப் புத்தகங்கள் இருந்தன. தலைப்பு தெரிந்ததும் அவற்றிலிருந்து ஏழெட்டை அள்ளி வருவோம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் புரட்டி, அரங்கில் வெடிக்கக்கூடிய வாக்கியங்களை மட்டும் சீட்டுகளில் எழுதிக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் எட்டு நூல்கள். இதை நான் திறமை என்று நம்பினேன். எனக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். புத்தகங்களில் ஊதா மைக்கோடுகளும், அவற்றின் மேல் பால்பாயிண்ட் கோடுகளும், அதற்கும் மேல் மஞ்சள் ஹைலைட்டரும் இருந்தன. எல்லாம் ஏறக்குறைய நாற்பதாம் பக்கம் வரைதான். அதற்குப் பிறகு தாள்கள் கடையிலிருந்து அன்றுதான் வந்தவை போல வெளுத்துக் கிடந்தன.

அந்த ஆண்டுத் தலைப்பு: பெருநகரம் மனிதரை விடுவிக்கிறதா, தனிமைப்படுத்துகிறதா? விடுவிக்கிறது என்பது எங்கள் அணி. ஒரு பழைய தன்வரலாற்று நூலின் முப்பத்தோராம் பக்கத்தில் எனக்கொரு வரி சிக்கியது. ஆசிரியர் இளமையில் ஏதோ ஒரு பெருநகரத்தில் அறையெடுத்துத் தங்கியவர். பக்கத்து அறைக்காரரின் பெயரைக்கூட அறியாமல் வாழ முடிவதே நகரம் தனக்குக் கொடுத்த முதல் விடுதலை என்று எழுதியிருந்தார். அரையிறுதியில் அந்த வரியைக் கடைசி நிமிடத்துக்கென்று ஒதுக்கிவைத்தேன். குரலை இறக்கிச் சொல்லி முடித்து மூன்று நொடி நிறுத்தினேன். கூடம் அதிர்ந்தது. நடுவர் தீர்ப்பில் அதே வரியைத் திருப்பிச் சொல்லி எங்களை இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்.

கூட்டம் கலைந்தபின் கேசரித் தட்டோடு நின்றிருந்தபோது ஒரு பெண் வந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். படித்ததெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழ் எழுத்துகளை வேலைக்குப் போன பிறகு தானாகக் கற்றுக்கொண்டவள்.

“அக்கா, ஏக் மினிட். அந்த லைன் இருக்கில்ல, ரைட்டர் அப்புறமா அத வாபஸ் வாங்கிடுவார் இல்ல?”

“எந்த லைன்?”

“அதான், பக்கத்து ரூம்காரர் பேரு தெரியாம இருக்கறது ஆசாதின்னு சொன்னீங்களே. பின்னாடி அவருக்கு மஞ்சக்காமாலை வரும். அப்ப சொல்வார், சின்ன வயசுல எனக்குக் கமண்ட் ஜாஸ்தின்னு. கமண்ட்னா... திமிர்.”

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி அரைமணிகூட ஆகவில்லை; அந்தத் தொனி என்னைவிட்டு இறங்கியிருக்கவில்லை.

“தங்கச்சி, ஒரு புத்தகத்தோட சாரத்தைப் புடிக்கறது வேற, எழுத்துக்கூட்டறது வேற. முழுசா படிச்சுட்டு வா, பேசலாம்.”

“படிச்சுட்டேன் அக்கா, இந்த புக் என்கிட்டயே இருக்கு. ஒம்பது மாசம் ஆச்சு. எனக்குத் தமிழ் தீரே தீரே, மெதுவாத்தான் வரும். மெட்ரோல டெய்லி ரெண்டு பக்கம், சில நாள் ஒரே பக்கம்.”

“ஒம்பது மாசமா!” என்றாள் என் அறைத்தோழி. “அதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்துரலாம்லா.”

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் நகராமல் நின்றாள். அவள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மெட்ரோவில் திரும்பும்போது, அவளை மறுப்பதற்காகவே புத்தகத்தைத் திறந்தேன். மஞ்சள்காமாலை நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் வந்தது. ஆசிரியர் பத்தொன்பது நாட்கள் எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பெயர் தெரியாத அந்தப் பக்கத்து அறைக்காரர்தான் வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முன்பு தான் விடுதலை என்று கொண்டாடியது வெறும் செருக்கு என்று ஆசிரியர் தம் கையாலேயே எழுதி, அந்தப் பழைய வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து மறுத்திருந்தார். நான் கைதட்டல் வாங்கியது, எழுதியவரே கைவிட்ட வரிக்கு. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மன்றச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அந்த வரி எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். ஆசிரியர் பெயரோடு ஆண்டு விழா பேனரில் போடுகிறார்களாம்.

“சார், வேண்டாம். அது அவரோட முடிவான கருத்து இல்ல. பின்னாடி அவரே மறுத்திருக்கார்.”

“அச்சா? ஆனா ஃபிளெக்ஸ் பிரிண்ட் ஆயிடுச்சேம்மா. விடு, யாரு அவ்வளவு தூரம் படிக்கப்போறா?”

அவர் குணமான மனிதர். அந்த வார்த்தையில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் அது உறுத்தியது. யாரும் அவ்வளவு தூரம் படிக்க மாட்டார்கள் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என் மேடைத் துணிச்சலுக்கு அடித்தளமாக இருந்திருக்கிறது.

இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. முழு நூலையும் படித்துவிட்டு, அந்த வரியைப் பற்றி மேடையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். என் அறைத்தோழி காலையில் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்று கேட்டாள்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா? ஜட்ஜுக்கே தெரியல. எதிர் டீமுக்குத் தெரியல. தெரிஞ்சது அந்தப் பிள்ளைக்கு மட்டும்.”

“எனக்கும் தெரிஞ்சுபோச்சே.”

“மனசாட்சி வரணும்னா ஃபைனலுக்கு அப்புறம் வரட்டும். இது உன் கோப்பை மட்டும் இல்லட்டி, எனக்கும் பாதி இருக்கு.”

அவள் சொன்னது நியாயம். நான் உடைக்கப் போவது அவளுடைய வாய்ப்பையும் சேர்த்துத்தான்.

படிப்பதும் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே கண் முன்னே ஓடி அழகான வாக்கியத்தைத் தேடியது. கை சீட்டைத் தேடியது. மனத்துக்குள் ஓடிய குரல் வாசிக்கவில்லை, சொற்பொழிவாற்றியது. முப்பது பக்கம் முடித்தபின் என்ன படித்தேன் என்று கேட்டுப் பார்த்தால், மேற்கோள்கள் மட்டும் நினைவிருந்தன. நான்காம் நாள் கூச்சத்தை விட்டு அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்: எப்படிப் படித்தாய்?

ஞாயிறு காலை ஆர்.கே.புரத்தில், அவள் வீட்டுக்கு எதிரே இருந்த பூங்காவில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்தோம். அவள் வரிக்குக் கீழே விரலை நகர்த்திப் படித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைத் தன் வார்த்தையில் சொன்னாள். பாதி இந்தி, பாதி தமிழ். சொல்ல வராவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. மறுபடி அதே பக்கம்.

“இப்ப நீங்க சொல்லுங்க அக்கா.”

சொன்னேன்.

“இது அவரோட வார்த்தை. மனப்பாடம் பண்ணிட்டீங்க. உங்க வார்த்தைல.”

எட்டு நிமிடம் தடையின்றிப் பேசக்கூடிய நான், வேர்க்கடலைத் தோலை நொறுக்கிக்கொண்டு திணறினேன். பிறகு என் வார்த்தையில் சொன்னேன். அது அழகாக இல்லை. ஆனால் அப்போதுதான் அந்தப் பக்கம் என்னிடம் வந்து சேர்ந்தது.

அதன்பின் நாள்தோறும் மெட்ரோவில், போகையிலும் வருகையிலும், பத்துப் பத்துப் பக்கம். பென்சிலை வீட்டில் விட்டுவிட்டேன். கோடு போட முடியாதபோது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நினைவில் வைக்க, புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நூறு பக்கம் தாண்டியபோது ஆசிரியர் எங்கே தயங்குகிறார், எங்கே தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறார் என்பது தெரியத் தொடங்கியது. நூலை முடித்த நாளில், அவர் தம் பழைய வரியைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை என்றும் தெரிந்தது. அந்த மறுப்பை எந்தச் சீட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை. அதை அறைத்தோழியிடம் விளக்கினேன். அவள் வழக்கறிஞர் பார்வையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாயிண்ட் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கடைசியில். “சரி, மொதல்ல உன் மன்னிப்பைச் சொல்லு. ஒரு நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்ட் இழுத்தே, மணிய நானே அடிப்பேன்.”

விழாவன்று மேடையேறியபோது என் தலைக்கு மேலே பேனர் தொங்கியது. அந்த வரி சிவப்பு எழுத்தில், ஆசிரியர் பெயரோடு. நான் அதைச் சுட்டிக்காட்டினேன்.

“அவையோரே, என் பின்னால் தொங்குவது சென்ற முறை நான் உங்களிடம் கைதட்டல் பெற்ற வரி. அதை எழுதியவர் நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் அன்று நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அந்தக் கைதட்டலை இப்போது திருப்பித் தருகிறேன்.”

முதல் வரிசையில் செயலாளர் அண்ணாந்து பேனரைப் படித்தார். பிறகு நான் என் வாதத்தைத் தொடங்கினேன். கஞ்சி கொடுத்தவர், எதிரே கிடப்பவர் எந்த ஊர், என்ன சாதி, யார் பிள்ளை என்று கேட்கவே இல்லை, கேளாமலே கொடுத்தார், தெரிந்தவருக்குத்தான் உதவ வேண்டும் என்ற கட்டிலிருந்து நகரம் அவரை விடுவித்திருந்தது, ஆகவே ஆசிரியர் தம் இளமை வரியைக் கைவிட்டிருக்க வேண்டாம், திருத்தியிருந்தால் போதும். சீட்டு ஏதும் கையில் இல்லை. பத்தொன்பது நாட்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மணி அடித்தது, இன்னும் அரை நிமிடம் பேசினேன்.

கோப்பை எதிரணிக்குப் போனது. நேரம் மீறியதற்கும், முன்னர் தவறாக மேற்கோள் காட்டியதற்கும் நடுவர் மதிப்பெண் குறைத்தார். அவர் செய்தது முறை. ஆனாலும் அன்று அந்த மேடையில் ஒலித்தவற்றில் சிறந்த உரை என்னுடையதுதான். இதில் எனக்கு ஐயமே இல்லை. என் அறைத்தோழி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கையை நீட்டினாள். “அந்தப் பொஸ்தகத்தைத் தா. கோப்பையவே முழுங்கிட்டு. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்.”

இப்போது ஞாயிறுதோறும் பூங்காவில் ஏழு பேர் கூடுகிறோம். பென்சிலுக்கு அனுமதி இல்லை. ஒரு பக்கம், மூடு, உன் வார்த்தையில் சொல், விதி இவ்வளவுதான். டெல்லியில் பிறந்த மூவர் எங்களில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்துக்கூட்டும் வேகத்துக்கு நாங்கள் நடையைக் குறைத்துக்கொள்கிறோம். அதனால் எங்களுக்குத்தான் லாபம்.

ஆனால் எனக்கு இதெல்லாம் உறுதிப்பட்டது விழா முடிந்த அந்த மாலையிலேயே. மெட்ரோ படிக்கட்டில் அந்தப் பெண் பின்னால் ஓடிவந்தாள்.

“அக்கா, பஹுத் அச்சா பேசினீங்க! ஆனா ஒண்ணு. அவர் ஊர் கேட்கவே இல்லன்னு சொன்னீங்களே. கேட்டாரே!”

“எங்க கேட்டார்?”

“ரெண்டாவது நாள். கஞ்சிய வெச்சுட்டுக் கேட்பார், எந்த ஊருன்னு.”

உடனே அந்தப் பக்கம் நினைவில் விரிந்தது. இடப்புறம், கீழே, சிறிய பத்தி.

“கேட்டார், ஒத்துக்கறேன். எதுக்குக் கேட்டார்? ரைட்டரோட அம்மாவுக்கு லெட்டர் போட அட்ரஸ் வேணும்னு. யாருன்னு தெரிஞ்சா கொடுக்கறேன்னு கேட்கல.”

“ஆனா நீங்க ‘கேட்கவே இல்ல’ன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அது தப்பு. வாதம் நிக்கும்.”

“எப்படி நிக்கும்? லெட்டர் போட்டாச்சுன்னா ரைட்டர் பேரு அவருக்குத் தெரிஞ்சாச்சே! அப்புறம் என்ன ஆசாதி?”

“எடு புத்தகத்தை,” என்றேன்.

கைதட்ட ஒருவரும் இல்லை. கடைவீதியிலிருந்து திரும்பும் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கியது. யாரோ “சைட் தோ, தீதி” என்று வழி கேட்டு முறைத்தார். சுவரோரமாக ஒதுங்கி, நூற்று அறுபத்து நான்காம் பக்கத்தைத் திறந்து, அவள் விரலை வைத்தாள். நான் அவளை மறுக்கத் தொடங்கினேன்.