யாரோ ஒருவர், அவர்கள்

இங்கிலாந்தில் ‘சம்ஒன்’ என்று ஒருமையில் தொடங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே ‘தே’ என்று பன்மைக்குத் தாவிவிடுகிறார்கள். நூலகத்தில் யாரோ மறந்துவிட்டுப்போன குடையைக் காட்டி, ‘தே’ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பெண் சொன்னார். ஒரு குடைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் வாசலைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் ஆழ்வார்குறிச்சியில் நான் ஆங்கில டீச்சர். ‘எவ்ரிஒன்’ வந்தால் பின்னால் ஒருமையில் ‘ஹிஸ்’தான் வர வேண்டும். ‘தேர்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு இரக்கமே இல்லாமல் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கல்யாணமாகி இங்கே வந்த வாரமே வீட்டுக்காரர் என் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பத்திரமாக இருக்கட்டுமாம். அடுத்த மாதம் ஊரில் தங்கைக்குக் கல்யாணம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார். நூலகத்தில் பெண்களுக்கு மட்டும் நடக்கும் ஆங்கில வகுப்புக்கு வாரம் ஒருமுறை போக விடுகிறார். மற்றபடி நான்கு சுவர்தான். அம்மா போனில் கேட்பாள்:

“மாப்பிள்ளை என்ன சொல்லுதாக? டிக்கெட் போட்டாச்சா?”

“பாக்கலாம்னு சொல்லுதாகம்மா.”

‘சொல்லுதாக’ என்றால் ‘சொல்கிறார்கள்’; நமக்கும் ஒருவர் பலர்தான். மரியாதை அப்படி.

போன வாரம் வகுப்பில் ஆசிரியை ஹெலன், ‘சம்ஒன்’ என்று தொடங்கி இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னார். என் பாஸ்போர்ட்டை யாரோ வைத்திருக்கிறார்கள், திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். ‘தே’ என்றுதான் எழுதினேன். ஹெலன் சரி என்று குறி போட்டுவிட்டு, நகராமல் நின்றார்.

“இது பயிற்சிக்கா, நிஜமா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நிஜம்தான் என்று தலையசைத்தேன்.

“எத்தனை பேர்? ஏஜென்ட்டுகளா?”

ஏதோ கும்பல் என்னை அடைத்து வைத்திருப்பதாக நினைத்துவிட்டார்.

“ஒரே ஆள்தான். என் கணவர்.”

“அவர் பெயர் என்ன?”

எங்கள் வீடுகளில் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையில் யாராவது கேட்டால், அம்மா என் பக்கம் திரும்பி, “அப்பா பேரைச் சொல்லுட்டி” என்பாள். நான் சொல்வேன். நானும் இதுவரை என் கணவர் பெயரைச் சொன்னதில்லை. இங்கே திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. நானே சொன்னேன். என்னைப் போன்ற பெண்களுக்கு உதவுகிறவர்களின் போன் நம்பரை ஹெலன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மாவை அழைத்தேன். பாஸ்போர்ட் பூட்டிக் கிடப்பதை, ஹெலன் கேட்டதை, நான் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அழுகையும் வந்தது.

“ஏட்டி, அவுக பேரையா சொன்ன?” என்றாள் அம்மா.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் அந்தத் தாள். எங்கள் தெருவுக்குப் போகிற பஸ் வந்து, கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் ஏறவில்லை.