சுவரில் போகாத மஞ்சள்

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் "இரவு எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். இரவில்லை. பகல். கண்டி டவுனில், கீழே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, மூன்று ட்யூப்லைட் எரிகிற அறையில் நடந்தது. நம்பாதவர்கள் என்னோடு வேலை செய்கிற அரூஸிடம் கேட்கலாம். அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

என் பெயர் பஸ்லினா. அலவத்துகொடயில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஒரு ஸ்டூடியோவின் மேல்மாடியில் கல்யாணப் போட்டோக்களைத் திருத்துகிறேன். முதலாளி பவாஸ் நானா. அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம். மேல்மாடியில் இரண்டு கம்பியூட்டர். ஒன்று எனக்கு. மற்றது அரூஸுக்கு. அவர் எனக்கு முன்பே பல வருஷமாக அங்கே இருப்பவர். என்னுடைய இடத்தில் தன் மச்சானைச் சேர்க்க அவர் கேட்டிருந்தாராம். அது நான் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதிலிருந்து அவர் சிரித்தாலும் எனக்குச் சந்தேகம். சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

போதாததற்கு, நான் செய்த ஓர் அல்பம் நிறம் பிழை என்று திரும்பி வந்திருந்தது. பவாஸ் நானா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொன்டு இப்பிடி வந்தா நான் ஒன்டும் செய்யேலா, மகள்."

அடுத்து வந்ததுதான் கம்பளைக் கல்யாணம்.

படம் எடுத்தவர் அஜந்தன். கலஹாவில் இருந்து வருபவர், நல்ல கெமராக்காரர். ஆனால் அந்தக் கல்யாண ஹோலின் விளக்குகள் படங்களைக் கெடுத்துவிட்டன. எல்லாமே மஞ்சள். வெள்ளைச் சுவர் மஞ்சள். மணப்பெண்ணின் வெள்ளைச் சாரி மஞ்சள். முகங்கள் எல்லாம் காமாலை பிடித்தது போல.

இதைத் திருத்த ஒரு வழி இருக்கிறது. போட்டோவைத் தொடாமல் அதற்கு மேலே நிறத் திருத்தத்தை ஒரு லேயராகப் போடுவோம். ஒரு கண்ணாடித் தாளை மேலே வைப்பது மாதிரி. ஒரு போட்டோவுக்குச் சரியாக அமைத்துவிட்டால் போதும். அந்த லேயர்களைப் பிடித்து இழுத்து அடுத்த போட்டோவில் விட்டால் அதுவும் சரியாகிவிடும். ஒவ்வொரு லேயரோடும் மாஸ்க் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மாஸ்க் வெள்ளையாக இருக்கிற இடத்தில் திருத்தம் வேலை செய்யும். கறுப்பாக இருக்கிற இடத்தில் செய்யாது. அவ்வளவுதான்.

மணப்பெண்ணின் தனிப் படத்தில் எல்லாம் அமைத்தேன். மாஸ்க் முழு வெள்ளை. லேயர்களை அடுத்த படத்துக்கு இழுத்தேன். சரி. அதற்கடுத்தது. சரி. மஞ்சள் போய்ச் சுவர் பால் மாதிரி வந்தது. எனக்குச் சந்தோஷம்.

பிறகு குடும்பப் படம் ஒன்று. லேயர்களை விட்டேன். முகங்கள் தெளிந்தன. சாரி தெளிந்தது. சுவரும் தெளிந்தது... ஓர் இடத்தைத் தவிர.

மணப்பெண்ணின் உம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே, பின்சுவரில், ஒரு மஞ்சள் திட்டு மிச்சமிருந்தது. நீளமாக.

மாஸ்க்கைப் பார்த்தேன். அந்த இடத்தில் கறுப்பு. பிரஷ் பட்டிருக்கும் என்று நினைத்து வெள்ளை பூசினேன். திட்டு போய்விட்டது. லேயர்களை எடுத்த பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். அதன் மாஸ்க்கில் ஒரு புள்ளிகூட இல்லை. சுத்தம்.

அடுத்த படம். லேயர்களை விட்டேன்.

மறுபடியும் மஞ்சள். ஆனால் வேறு இடத்தில். இந்த முறை மாப்பிள்ளையின் கூட்டாளிகளுக்கு நடுவே.

பிரஷ் கறை என்றால் அதே இடத்தில்தானே வரவேண்டும்?

பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே உருண்டை. கீழே அகலம். இரண்டு பக்கமும் தொங்குகிற கைகள்.

ஆள்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்த இடத்தில் யாருமே நிற்கவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் தோளோடு தோள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. முந்தின படத்திலும் அப்படித்தான். அதற்கு முந்தினவற்றில் மணப்பெண் தனியாக இருந்ததால் இடைவெளி தெரிய வழியில்லை.

எனக்கு வந்தது பயமில்லை. கோபம். இரண்டு கம்பியூட்டரும் ஒரே வயரில் இணைந்தவை. அங்கே இருந்து இங்கே கை வைக்கலாம். திரும்பிப் பார்த்தேன். அரூஸ் திரையைப் பார்த்துக்கொண்டு மௌஸை அழுத்திக்கொண்டிருந்தார். டிக்... டிக்...

"நானா, என்ட ஃபைல்ல கை வெச்சீங்களா?"

"என்னத்துக்கு?"

"மாஸ்க்ல ஆள் வரைஞ்சி ஈக்கிது."

"எனக்கு என்ட வேலயே முடியல்ல. நான் ஒங்கட ஃபைல என்னத்துக்குத் தொடுற?"

குரலில் பொய் தெரியவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. எழுந்து போய் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்கால் இருக்கும். அஸர் தொழுகைக்கு அவர் கீழே இறங்கினார். மரப்படியில் அவர் காலடி கேட்டது. கீழ்க் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

இப்போது மேல்மாடியில் நான் மட்டும். வயர் இல்லை. அவர் இல்லை.

அடுத்த படத்தைத் திறந்து லேயர்களை விட்டேன்.

நின்றது.

இந்த முறை இன்னும் பெரிதாக. முழங்காலுக்குக் கீழே படத்தில் அடங்கவில்லை. கெமராவுக்குக் கிட்டே வந்தது போல.

வெள்ளை பூசினேன். அடுத்தது.

இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது.

பூசினேன். அடுத்தது.

தலையும் தோளும் மட்டும்.

அஜந்தனுக்கு போன் எடுத்தேன். கலஹாவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அஜந்தன், குரூப் போட்டோவில ஏன் நடுவில இடம் விட்டு எடுத்தீங்க?"

"நான் எங்கக்கா விட்டேன்... நெருங்கி நில்லுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். நெருங்குறாங்க. கெமராவுல கண்ண வச்சா மறுபடி எடம் இருக்கு. சொந்தத்துக்குள்ள ஏதோ கோபம்னு நெனச்சேன்."

"வேற ஒன்டும் நடக்கல்லயா?"

சிக்னல் திரும்பி வந்தபோது அவர் சொன்னார்.

"கடைசி படத்துலதான்கா... ஃபோகஸ் விழல. பொண்ணு மாப்பிள்ள தூரத்துல நிக்கிறாங்க. கெமரா கிட்டக்கவே புடிக்குது. லென்ஸுக்கு முன்னால எதாவது இருந்தா அப்பிடித்தான் புடிக்கும். தொடச்சுப் பாத்தேன். ஒன்னும் இல்ல."

லைன் அறுந்தது.

அரூஸ் திரும்பி வந்தபோது நான் கதிரையைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தேன். என்ன என்று கேட்டார். நான் திரையைக் காட்டினேன். கடைசிப் படம் மட்டும் மிச்சம்.

"நீங்களே இழுத்து விடுங்க நானா. ஒங்கட கையால."

பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். லேயர்களைப் பிடித்தார். இழுத்து விட்டார்.

ஒன்றும் மாறவில்லை. படம் முழுக்க மஞ்சளாகவே இருந்தது.

"வேல செய்யுதில்லயே," என்றார்.

மாஸ்க்கைத் திறந்தார்.

முழுக்கக் கறுப்பு.

இல்லை... முழுக்க இல்லை.

வலது ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கறுப்பு வளைவு.

ஒரு காது.

அரூஸ் கையை மௌஸில் இருந்து எடுத்தார். மெதுவாக. சூடான பாத்திரத்தில் இருந்து எடுப்பது போல.

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லிவிட்டு அவரே வெள்ளை பூசினார். போய்விட்டது. வேலை முடியும்வரை என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சானைப் பற்றி நான் பிறகு ஒருநாளும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவரும் நானும் ஒன்றாகத்தான் படியிறங்கினோம். பவாஸ் நானாவிடம் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை மணப்பெண்ணின் உம்மா மஸீனா அல்பத்தை எடுக்க வந்தார். கீழே கவுண்டரில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குடும்பப் படம் வந்ததும் கை நின்றது. விரலால் அந்த இடைவெளியைத் தடவினார். அல்பம் திரும்பி வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா அழிச்சிருக்கீங்க மகள். அவர் நின்ட இடமே தெரியல்ல."

"யாரு?"

"அதான், ஒங்கட ஆள். எல்லாப் போட்டோவுக்கும் வந்து நடுவில நின்டாரே. லைட் புடிக்கிறவரென்டு நெனச்சோம். தள்ளுங்க தள்ளுங்கன்னு சென்னாலும் கேக்கல்ல. கடைசியில கெமராவுக்கு முன்னுக்கே போய் நின்டாரு. அவர அழிச்சித் தாங்கன்னு போன் பண்ண நெனச்சி ஈந்தேன். நீங்களே செஞ்சிட்டீங்க."

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பவாஸ் நானா என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்கு எங்கள் ஸ்டூடியோவில் இருந்து போனது அஜந்தன் மட்டும்.

"அவர் எப்பிடித் திரும்பி வந்தார்?" என்று நான் கேட்டேன்.

"எங்கட வேன்லதான். கெமராக்காரப் புள்ளயோட பின் சீட்ல ஏறினாரு. ட்ரைவர் ரெண்டு பேரையும் இந்த வாசல்லதான் எறக்கி விட்டுட்டு, எதிர்க்கடையில டீ குடிச்சிட்டு ஈந்தானாம். புள்ள கெமரா கார்டக் கீழ குடுத்துட்டு உடனே வெளிய வந்து பஸ்ஸுக்குப் போயிட்டாராம்."

அல்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மத்தவர் மேல ஏறினாராம். எறங்கி வரல்லயாம்."