தகர வாளியில் விழுந்த ஓட்டு

புக்கிட் ரோத்தான் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, அஞ்சலை அக்கா இறந்துபோய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் அவரோடு பால்மரம் வெட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதப் பழகி ஓராண்டுதான் ஆகிறது. மெதுவாக வருகிறது. ஆனாலும் வருகிறது! அவரைப் பற்றி எழுதக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவரைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொரு முறையும் எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளர் மண்டோரே போட்டியிடுவார், யார் கை தூக்குகிறார்கள் என்று முன்னால் நின்று பார்ப்பார். மறுநாள் காலையில் யாருக்கு எந்த மரங்கள் என்று பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். கை தூக்காவிட்டால் மேட்டு மரங்கள்தான்; அந்த ஏற்றத்தில் வாளி சுமக்க யாருக்கு ஆசை? எல்லாக் கைகளும் உயரும்.

"கைய எண்ணல தம்பி, மொகத்த எண்ணுறாரு" என்றார் அக்கா. ஓர் ஆண்டு மண்டோரை எதிர்த்து அவரே நின்றார். ரகசிய ஓட்டு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினார்.

கோயில் மூலையில் சேலை கட்டி மறைத்தோம். ஆளுக்கு ஒரு ரப்பர் விதை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அடையாளம் தெரிய வேண்டுமே, அதனால் மண்டோருக்கு மூங்கில் கூடை, அக்காவுக்குத் தகர வாளி வைத்தோம். அதில்தான் தவறு நடந்தது.

முதலில் உள்ளே போனவர் மண்டோரின் மனைவி.

டங்!

கோயிலே சிரித்தது. மண்டோர் சிரிக்கவில்லை. வெளியே வந்த மனைவியை முறைத்தார்.

"கை தவறிடுச்சுங்க" என்றார் அந்த அம்மா.

"தவறுச்சோ தவறலியோ, வெளிய கேட்ட ஓட்டு செல்லாது. மொதல்லேருந்து போடலாம்" என்று அக்கா எழுந்தார்.

"ஒங்களுக்கு விழுந்த ஓட்டுல்ல, பைத்தியமா?" என்றேன்.

"எனக்கு விழுந்ததாலதான் தம்பி நான் சொல்லணும்."

இரண்டிலும் சாக்கை மடித்துப் போட்டார். அந்த அம்மாவுக்கு வேறு விதை கொடுத்தார். இந்த முறை சத்தமே இல்லை. அது எங்கே விழுந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்கா தோற்றார், கொஞ்சத்தில்தான். முதல் ஆளாகப் போய் மண்டோருக்கு மாலை போட்டார். மறுநாள் மேட்டு மரங்கள் தனக்குத்தான் என்று வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மண்டோர், "யாரு மேட்டுக்குப் போறீங்க? மாத்தி மாத்திப் போவோமா?" என்று கேட்டார். எங்களில் பாதிப் பேர் அவருக்குப் போடவில்லை. யார் அந்தப் பாதி என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாரிடமும் நன்றாகப் பேச வேண்டியதாயிற்று.

"ஜெயிச்சது அவரு, மாறுனதும் அவரு" என்று அக்கா மரத்தடியில் விழுந்து விழுந்து சிரித்தார்.

சென்ற பொதுத்தேர்தலில் நானும் என் வீட்டுக்காரியும் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். யாருக்குப் போட்டாய் என்று அவளை நான் கேட்கவில்லை. என்னை அவளும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். அஞ்சலை அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.